ரிப்போர்ட்டில் இல்லாத கட்டம்

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் வெறுமனே, மகனே.

போன வாரம் என்னிடம் இரண்டு பேர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முதலில் கேட்டவர் அல்சூரில் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரைக் கவனித்துக்கொள்கிறவர். "ஏர் வைஸ் மார்ஷல் சாரோட சர்வீஸப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்கம்மா, பசங்க படிச்சா ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்றார். சரி என்று சொல்லி வைத்தேன். மறுநாள் நீ ஃபோன் செய்தாய். ஏர் கமோடர் ஆகிவிட்டாய், ராஜஸ்தான் பக்கம் ஒரு விமானப்படை ஸ்டேஷனுக்கே தலைவனாகப் போகிறாய் என்ற சேதியைச் சொன்னாய். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. அந்தத் தண்ணீர் காய்வதற்குள் அடுத்ததையும் சொன்னாய். "அம்மா, ரெஜினா வேலைய விட்டுட்டு வரமாட்டேங்கறா. ஸ்டேஷன் கமாண்டர் தனியா போய் உக்காந்தா நல்லா இருக்காதும்மா. ஒய்ஃப் வரலன்னா என் ரிப்போர்ட்ல வரும். அடுத்த பிரமோஷன் போர்டு இருக்கு. நான் சொல்லிட்டேன். நீயும் ஒரு லெட்டர் எழுது. நீ எழுதினா கேப்பா."

இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த ஒரு கடிதம்தான். மலருக்காக ரெஜினாவின் பெயரையும் இன்னொரு பெண்ணின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். உன் பெயரையும் என் பெயரையும் எழுதவே இல்லை. ஆனால் அச்சுக்குப் போகும் முன்னால் இது உன் கைக்கு வரும். உட்கார்ந்து படி. ஆபீஸில் ஃபைல் புரட்டுவது மாதிரி கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

அப்பாவின் பணி வாழ்க்கையைக் கேட்டார்கள் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தேழு வருஷம். பதினான்கு ஊர் மாற்றல். நம் வீட்டுப் பரணில் இருக்கிற அந்தக் கறுப்பு இரும்புப் பெட்டிகளைப் பார்த்தாலே போதும், முழு சர்வீஸும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றலுக்கும் பெயின்டர் வந்து, பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் பதவியும் பெயரும் எழுதுவான். ஃப்ளைட் லெஃப்டினன்ட் என்று எழுதியதன் மேல் கறுப்பு அடித்து ஸ்குவாட்ரன் லீடர், அதன் மேல் அடித்து விங் கமாண்டர், குரூப் கேப்டன், ஏர் கமோடர், கடைசியில் ஏர் வைஸ் மார்ஷல். வெயில் படும்போது சாய்த்துப் பார்த்தால் அடியில் பழைய பதவிகள் எல்லாம் மங்கலாகத் தெரியும். அந்தப் பெட்டிகளுக்குள் பாத்திரத்தைக் காகிதம் சுற்றி அடுக்கியவள், உன் புத்தகங்களைக் கட்டியவள், அஸ்ஸாம் மழையில் நனைந்த மெத்தையை பஞ்சாப் வெயிலில் காய வைத்தவள் நான். என் பெயர் ஒரு பெட்டியிலும் இல்லை. ஒரு தடவை பெயின்டரிடம் விளையாட்டாகக் கேட்டேன், என் பெயரையும் ஒரு ஓரமாக எழுதேன் என்று. "மேம்சாப், அப்புறம் ரயில்வேல சாமான் மாறிப் போயிடும்" என்றான். நானும் சிரித்தேன். சிரிக்கிற பழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

நான் யார் என்று உனக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. 'அம்மா கொஞ்ச நாள் வேலை பார்த்தாங்க' என்று ஒரு வரியில் உனக்குத் தெரியும். என் அப்பா இதே பெங்களூரில், ஸ்ரீராம்புரத்தில் மாநகராட்சித் துப்புரவு மேஸ்திரி. ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும் இருந்த வீட்டில் நாங்கள் ஆறு பேர். அந்தச் சந்தில் அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறிய முதல் பெண் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பலகையின் முன்னால் உட்கார்ந்தால் ஒரு பக்கம் மெட்ராஸ், ஒரு பக்கம் பம்பாய், ஒரு பக்கம் மைசூர். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலிலும் பேசுவேன். "சொல்ப லைன்ல இரீ சார்" என்று கன்னடத்தில் ஒருவரைக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் அடுத்த ஊருக்கு வயரைச் சொருகுவேன். ஒரு பிரசவச் செய்தி, ஒரு சாவுச் செய்தி, ஒரு லாரி லோடு சண்டை, எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். என் சூப்பர்வைசர் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, யாரையும் லேசில் பாராட்ட மாட்டாள். அவள் ஒரு நாள் என் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "நீ இந்தப் பலகைக்கே பிறந்தவள்" என்றாள். என் அப்பா அதைச் சந்து முழுக்கச் சொல்லி மாய்ந்துபோனார்.

கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் நான் இங்கேயேதான் இருந்தேன். உன் அப்பா பஞ்சாபில், நான் பெங்களூரில். லீவுக்கு அவர் வருவார், அல்லது நான் போவேன். இன்னும் நாலைந்து வருஷத்தில் சூப்பர்வைசர் ஆவேன், அதற்குள் இவருக்கும் தெற்கே மாற்றல் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அப்படி ஒரு தடவை லீவில் போயிருந்தபோது, ஸ்டேஷன் கமாண்டரின் மனைவி இளம் பெண்களுக்கெல்லாம் ஒரு டீ பார்ட்டி வைத்தாள். புருஷன்களின் பதவி வரிசைப்படி எங்களை உட்கார வைத்திருந்தார்கள். நான் வாசல் பக்கத்துக் கடைசி நாற்காலி. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தி, என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தேனாகப் பேசினாள். உன் புருஷன் நன்றாகப் பறக்கிறான், மேலே வருவான், ஆனால் வருடா வருடம் எழுதுகிற ரகசிய ரிப்போர்ட்டில் மனைவிக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, தெரியுமா? மனைவி கூட இல்லாத அதிகாரிக்கு அங்கே என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பார். இவ்வளவுதான் சொன்னாள். "சரி மேடம்" என்றேன்.

அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன், இப்படி ஒரு கட்டம் இருக்கிறதாமே, உங்களுக்கு என்னால் கெட்ட பெயர் வர வேண்டாம் என்று. அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "உனக்கு எது சரின்னு படுதோ செய்மா" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்று பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் என் அப்பா அந்தச் செய்தியைக் கேட்டு, இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாராம். லீவே போடாத மனுஷன்.

அதற்கப்புறம் நான் அந்தக் கட்டத்துக்காக வாழ்ந்தேன். இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக வருகிறது. மாதாந்தர மகளிர் கூட்டத்தில் சமோசா முதலில் யார் தட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். பெரிய அதிகாரியின் மனைவி எழுந்தால்தான் நாம் எழ வேண்டும், அவள் கட்டிய நிறத்தில் நாம் புடவை கட்டக் கூடாது, அவள் ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும். எனக்கு நூற்று நாலு டிகிரி காய்ச்சல் இருந்தபோதும் டோம்போலா ஆட்டத்துக்குச் சீட்டு நம்பர் வாசிக்கப் போனேன். நாலு மொழியில் ஊர்களை இணைத்த வாய், 'டூ ஃபேட் லேடீஸ், எய்ட்டி எய்ட்' என்று கத்திக்கொண்டிருந்தது. உனக்கு மூன்று வயதில் அம்மை போட்டிருந்தது. அந்த வாரமும் ஒரு விழா. உன்னை வீட்டு வேலைக்கு இருந்த ஆர்டர்லியிடம் விட்டுவிட்டுப் பூ அடுக்கப் போனவள் நான். நீ அழுதுகொண்டே ஜன்னலில் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதுக்கெல்லாம் நீதான் கேட்க வேண்டும், அதற்கு வருகிறேன்.

அப்பாவைக் கோழை என்று நினைத்துவிடாதே. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிற விஷயமே. ஒரு தடவை மலைப் பகுதியில் மேகம் இறங்கிக் கிடந்த நாள். ஒரு பெரிய மனிதர் உடனே கிளம்பியாக வேண்டும் என்று ஓடுபாதையில் வந்து நின்றார். மேலிடத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன். அப்பா விங் கமாண்டர்தான் அப்போது. "வானம் திறக்காம என் பையன் யாரும் ஏற மாட்டான் சார், வேணும்னா என்ன மாத்திட்டு வேற ஆளப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷ ரிப்போர்ட்டில் அவருக்கு அடி விழுந்தது. பிரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. நான் பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன். மலரில் போட வேண்டிய சம்பவம் இதுதான், போட்டுக்கொள்ளட்டும். அவ்வளவு தைரியம் இருந்த மனிதருக்கு வீட்டுக்குள் என்னிடம் ஒரு வரி சொல்ல நாக்கு எழவில்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அப்பா குரூப் கேப்டன் ஆகி வடகிழக்கில் ஒரு ஸ்டேஷனுக்குத் தலைவர் ஆனார். நான் அந்த ஸ்டேஷனின் முதல் பெண்மணி. இந்த முறை வரிசையின் முதல் நாற்காலி எனக்கு. பிரேமா என்று ஒரு பெண் வந்தாள், கோயமுத்தூர்க்காரி, கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் ஃப்ளையிங் ஆஃபீசர், பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பான். அவளுக்கு ஊரில் வங்கி வேலை, நீண்ட லீவில் வந்திருந்தாள். தமிழ் பேசுகிற மூத்தவள் என்று என்னிடம் யோசனை கேட்க வந்தாள். "மேடம், நான் இப்ப ஊருக்குப் போய் ஜாயின் பண்ணிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு இந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபர் கேக்கட்டுங்களா? நீங்க என்ன சொல்றீங்க?" நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். "பிரேமா, உன் வீட்டுக்காரர் ரிப்போர்ட்ல உனக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, தெரியுமா?" என்றேன். அவள் முகம் சின்னதாகிப் போனது. "சரிங்க மேடம்" என்றாள்.

பதினோரு மாதம் கழித்து ஒரு காலை வேளையில் அந்தப் பையனின் விமானம் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஸ்டேஷன் கமாண்டரும் டாக்டரும் ஒரு பெண்ணும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் வழக்கம். காரில் இந்த மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கினால் என்ன செய்தி என்று குவார்ட்டர்ஸில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அன்று அந்தப் பெண் நான். பிரேமா இட்லித் தட்டைக் கையில் வைத்தபடி கதவைத் திறந்தாள். அவளை நான் மடியில் சாய்த்துக்கொண்டது, ஊரிலிருந்து அவள் அண்ணன் வந்தது, எல்லாம் போகட்டும். பத்தாம் நாள் அவள் சாமானைக் கட்ட நான் உதவப் போயிருந்தேன். அந்தக் கறுப்புப் பெட்டியில் அவன் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "மேடம், நான் வேலைய விட்டது அவரு ரிப்போர்ட்ல நல்லபடியா வந்திருக்குமில்லங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "வந்திருக்கும்மா, நிச்சயமா வந்திருக்கும்" என்றேன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் அதைச் சொல்லி அழுதேன். அவர் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, "பாவம்" என்றார்.

அப்புறம் அப்பா ரிட்டயர் ஆகி இந்த அல்சூர் ஃபிளாட்டுக்கு வந்தோம். முதல் வருஷம் என்று நினைக்கிறேன், அவரிடம் முன்பு வேலை பார்த்த திருச்சிக்காரர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். ஹாலில் பேச்சு ரிப்போர்ட் எழுதுவதைப் பற்றித்தான். எந்தக் கட்டத்துக்கு எத்தனை மார்க், எதை எப்படி எழுதினால் போர்டில் எடுபடும் என்று அலசிக்கொண்டிருந்தார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது, எனக்கும் இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் கேட்டேன், "பொண்டாட்டிக்குன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுக்கு எத்தன மார்க்?" திருச்சிக்காரர் ஒரு நொடி விழித்துவிட்டுச் சிரித்துவிட்டார். "மேடம், அப்படி ஒரு கட்டமே கெடையாதே! லேடீஸ் மீட்டிங்ல யாரோ கெளப்பி விட்டது. இன்னுமா அத நம்பிட்டிருக்கீங்க?" அப்பாவும் சிரித்தார். அந்த ஹாலில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வந்தவர் போன பிறகு கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் வேலைய விட்டப்பவே?"

"ம்."

"பிரேமா கேட்டத நான் வந்து சொன்னேனே, அப்போ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பவும் தெரியும்."

"பாவி மனுஷா, ஏன் சொல்லல?"

அவர் சொன்ன பதிலை இப்படியே எழுதிவிடுகிறேன். "சொல்லியிருந்தா நீ என்கூட வந்திருப்பியா?"

வந்திருப்பேனா மாட்டேனா, எனக்குத் தெரியாதடா. வந்திருந்தாலும் வந்திருப்பேன். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது அவ்வளவு பிரியம். 'தனியாகச் சாப்பிட முடியவில்லை, நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, வந்துவிடு' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் ரயிலேறியிருப்பேன். அப்படி வந்திருந்தால் அது என் முடிவாக இருந்திருக்கும், என் தலையெழுத்தை நானே எழுதினேன் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, எவளோ ஒருத்தி கிளப்பிவிட்ட பூச்சாண்டி தன் வேலையைச் செய்யட்டும் என்று வாயை மூடிக்கொண்டு பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை, காபி போடவில்லை. ஏர் வைஸ் மார்ஷல் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிய விட்டுக்கொண்டு நின்றார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் பேசினேன், என்ன செய்வது, இந்த வயதில் எங்கே போவது. பிரேமாவைத் தேடினேன். அவள் அண்ணன் வீட்டு விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

இனி உன் விஷயம். ரெஜினாவை நீ விவேக் நகரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நான்தான். சர்ச்சுக்குப் போகிற பெண் நம் வீட்டுக்கு எப்படி ஒத்து வருவாள் என்று உன் காதுபடப் பேசியவள். அந்தப் பெண் உன் பின்னால் பதினாலு வருஷம் பெட்டி தூக்கினாள். ஆறு ஊரில் ஆறு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் புதுசாகச் சேர்ந்து, ஜூனியர் பெண்களுக்குக் கீழே நின்று வேலை பார்த்தாள். கடைசி ஆறு வருஷமாகத்தான் பெங்களூரில் ஒரே இடத்தில் வேரூன்றியிருக்கிறாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? 'ஹாஸ்பிடல்ல டெக்னிகல் சைடு' என்று உன் நண்பர்களிடம் சொன்னதை நானே கேட்டேன். இதய ஆபரேஷனின்போது இதயத்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரம் முழுவதும் உடம்பின் ரத்தத்தை வெளியே ஒரு இயந்திரம் வாங்கிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவள் உன் மனைவி. போன வருஷம் எனக்கு ஒரு நாள் கண்ணாடி வழியாகக் காட்டினாள். பிறந்து ஒன்பது நாளான ஒரு சிசு. நாலு மணி நேரம் அதன் இதயமாக இவள் உட்கார்ந்திருந்தாள், கண் இமைக்கவில்லை. நீ விமானத்தின் மூக்கில் உட்காருவாயே, அதே முகம். அந்தப் பிரிவுக்கே இப்போது அவள்தான் தலைவி. நீ போகிற பாலைவனத்து ஊரில் அந்த இயந்திரம் கிடையாது. விசாரித்துவிட்டேன். அங்கே அவள் சமோசா வரிசையைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்து நேராக இங்கே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ராஜினாமாக் கடிதம், டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. "அடுத்த வாரம் திங்கக்கிழம குடுக்கணும் அத்த. நீங்க எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தப்போ எப்டி இருந்துச்சு? அவரு ரிப்போர்ட்ல வரும்ங்கறாரு. என்னால அவருக்குக் கெடுதல் வந்துடக் கூடாதில்ல." என் ராஜினாமாக் கடிதத்தின் கார்பன் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது, அதை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். டீ பார்ட்டியிலிருந்து பிரேமாவின் இட்லித் தட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டேன். "நீங்களே சொல்லுங்க, உங்க வாயால" என்றேன். முன்னூறு பேருக்காவது ரிப்போர்ட் எழுதிய மனிதர், எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மருமகளைப் பார்த்து, "அப்படி ஒரு கட்டம் இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல" என்றார். பாவமாக இருந்தது என்று எழுத மாட்டேன். இல்லை.

ரெஜினா காகிதத்தை மடித்துப் பையில் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஒரு காலில் நின்றபடி கேட்டாள்: "அத்த, அவருக்கு இது தெரியுமா? அவரும்தான இத்தன வருஷமா மத்தவங்களுக்கு எழுதறாரு?"

மகனே, அந்தத் திருச்சிக்காரர் வந்த நாளில் நீ லீவில் வந்திருந்தாய். ஃப்ளைட் லெஃப்டினன்ட் நீ அப்போது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு, எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நீ. "அம்மா, இதையா இத்தன வருஷம் நம்பிட்டு இருந்த!" என்று கேட்டாய். புரை ஏறி, நான்தான் உன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

இது எனக்குத் தெரிந்தும், அவளிடம் நான் சொன்னது என்ன தெரியுமா? "அவனுக்கு எங்கம்மா தெரியும்." பெற்ற பாசம் வாயைத் திறந்து அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம்பவில்லை. ஆனாலும் "சரி அத்த" என்றாள். அந்த 'சரி' எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னது, பிரேமா சொன்னது. இப்போது இவள்.

அப்பா உண்மையை மறைத்தார். நீ அதைவிட ஒரு படி மேலே போய், பொய் என்று தெரிந்தே எடுத்து வீசியிருக்கிறாய், அதுவும் உன் அம்மாவை எது தின்றதோ அதையே. இதற்கா உன்னை வளர்த்தேன்? ஏர் கமோடர் ஆகு, அதற்கு மேலும் ஆகு, நான் ஆரத்தி எடுக்கிறேன். அவள் வர வேண்டும் என்று ஆசையாக இருந்தால், ஆசையாக இருக்கிறது என்று சொல். அவ்வளவு பெரிய பங்களாவில் தனியாக இருக்கப் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று சொல். வந்தால் வரட்டும், வராவிட்டால் லீவில் நீ வந்து பார். இத்தனை வருஷம் அவள்தானே வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை உனக்கு நேரம். அதற்குள் நீயே அவளைக் கூப்பிட்டு, 'எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்' என்று உன் வாயால் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். நான் சொன்ன பொய்யும் இதில்தான் இருக்கிறது, அதையும் அவள் படிக்கட்டும். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவள் பாடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் மலருக்கு அனுப்புவேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் நிறைய லைன் போட்டுக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றை நான் போட மாட்டேன். அவள் நம்பர் உனக்குத் தெரியும்.

அம்மா